நினைவின் இயல்பும் நாளாந்த வாழ்வும்

1660ஆம் ஆண்டில் ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலொன்று, புயலினாற் பாய்மரம் இழந்து, அதனைச் செப்பனிடும் பொருட்டுத் திருக்கோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. கப்பற்றலைவரும் அவருடைய மகனும் மாலுமிகள் சிலரும் கரையிறங்கியபோது, கண்டியை ஆண்ட இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். மகனுக்கு அப்பொழுது வயது 19. றொபேட் நொக்ஸ் என்பது அவர் பெயர். தந்தையார் மறு ஆண்டே நோயுற்று இறந்தார். மகனோ, 1679ஆம் ஆண்டில் அநுராதபுரத்துக் காடுகளினூடே தப்பிச் சென்று, மன்னாருக்குத் தெற்கே ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடையும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலேயே வாழ்ந்தார்.

நொக்ஸ் தாய்நாடு திரும்பும் கடற்பயணத்தின்போது, தாம் கண்டவற்றை எழுதத் தொடங்கினார். அந்நூல் 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. மலைநாட்டின் வழிகளும் ஆறுகளும், எந்த நெல் எத்தனை மாதத்தில் விளையும் என்பதும், உழவும் அறுவடையும், அரசனின் ஆட்சிமுறையும், குலங்களும், திருமணமும் மரணச் சடங்கும் அதில் விரிவாக இடம்பெறுகின்றன. சிங்களச் சொற்கள் பல ஆங்கில எழுத்திற் குறிக்கப்பட்டுள்ளன. பதினேழாம் நூற்றாண்டுக் கண்டியை ஆராய்வோர் இன்றும் அந்நூலை ஒதுக்கிவிட்டுச் செல்ல முடியாது. சிறைப்பட்ட காலத்தில் ஒழுங்காக நாட்குறிப்பு எழுதும் வசதி அவருக்கு இருக்கவில்லை. ஒரு நாட்டின் வாழ்வு முழுவதையும் அவர் பெரும்பாலும் தம் நினைவிலேயே சுமந்து சென்றார்.

இதே கண்டி மாநகரில் இன்று ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். மறுநாட் பரீட்சைக்காக ஒரு மாணவன் இரவு முழுவதும் கண்விழித்து வரலாற்றுப் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். பரீட்சையும் ஒருவாறு முடிகிறது. இரு வாரங்கள் கழித்து அதே வினாவைக் கேட்டால் அவன் விழிக்கிறான். “இவனுக்கு ஞாபக சக்தி இல்லை” என்கிறார் தந்தை. “மண்டையில் ஏறாது” என்கிறார் அயல்வீட்டுக்காரர். ஓரிரவிற் படித்தது இரு வாரங்களில் மறைந்துபோக, குறிப்பேடு எதுவுமின்றி ஒருவர் கண்டவை இருபது ஆண்டுகள் நிலைத்து நின்றதன் காரணம் யாது? நொக்ஸின் மூளை வேறொரு பொருளாற் செய்யப்பட்டதா? இத்தகைய வினாக்களுக்கு விடை தேடும் துறையே அறிகை உளவியல் எனப்படுவது.

அறிகை என்பது அறிதலாகிய தொழில். காண்பது, கேட்பது, பலவற்றுள் ஒன்றைக் கவனிப்பது, கவனித்ததை நினைவில் இருத்துவது, வேண்டியபோது அதனை மீட்பது, மொழியால் வெளிப்படுத்துவது, ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவது ஆகிய யாவும் அதனுள் அடங்கும். மனநோய்க்குப் பரிகாரம் தேடுவதே உளவியல் என்று பலர் எண்ணுகின்றனர். அது உளவியலின் ஒரு கிளை மாத்திரமே. நோயற்ற மனம் நாள்தோறும் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை ஆராய்வது மற்றொரு கிளை. நாம் இங்கு எடுத்துக்கொண்டது அந்தக் கிளையையே.

மனத்தின் தொழிலை ஆராய்தல் நம் முன்னோருக்குப் புதிதன்று. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அகக்கருவிகளை நான்காக வகுத்துச் சைவசித்தாந்திகள் நுணுகி ஆராய்ந்தனர். பௌத்தரும் புலனறிவு எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் படிப்படியாக விளக்கினர். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய, நாடகாசிரியராகப் பெரிதும் அறியப்பட்ட எதிரிவீர சரச்சந்திரா, பௌத்தர் கூறும் புலனறிவுக் கொள்கையைப் பற்றி 1958ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். அன்றைய ஞானிகள் தம் அகத்தை நோக்கி அறிந்தனர். இன்றைய அறிஞர்களோ பலரைக் கொண்டு பரிசோதனை நடத்தி, அளந்து அறிய முயல்கின்றனர். வழி வேறாயினும் பொருள் ஒன்றே.

அளந்து அறியும் வழியைத் தொடக்கி வைத்தவர்களுள் ஜேர்மனியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் முதன்மையானவர். அவர் 1885ஆம் ஆண்டில் நினைவைப் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்க அறிஞர் பலர் மனத்துள் நிகழ்வதை ஆராய்தல் வீண் வேலை என்றும், வெளியே தெரியும் நடத்தையை மாத்திரமே ஆராய வேண்டும் என்றும் வற்புறுத்தினர். அக்கொள்கையின் செல்வாக்கு 1950களிற் குறையத் தொடங்கிற்று. கணினிகள் தோன்றிய காலம் அது. செய்தியைப் பெற்று, சேமித்து, மாற்றி, வெளியிடும் ஒரு பொறியை மனிதர் ஆக்கிய பின்னர், மனமும் அத்தகைய வேலைகளை எவ்வாறு செய்கிறது எனக் கேட்பது பொருத்தமாயிற்று. அல்ரிக் நைசர் என்பார் 1967ஆம் ஆண்டில் ‘அறிகை உளவியல்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். அன்று முதல் அப்பெயர் நிலைபெற்றது.

இனி, ஒரு செய்தி மனத்துட் புகுந்து நிலைபெறும் வழியைத் தொடர்ந்து செல்வோம். வழியின் தொடக்கத்தில் நிற்கும் வாயில் கவனம். எசல பெரஹரா வீதியுலா வரும் இரவிற் கண்டி வீதியோரத்தில் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். தீப்பந்தங்களும் மேளமும் நடனமும் புலன்களை நிறைக்கின்றன. பேழை தாங்கிய யானை வரும்போது கண்கள் அதன்மேல் நிலைக்கின்றன. சட்டைப்பையிலிருந்து பணப்பையை ஒருவன் எடுத்துச் செல்வது தெரிவதில்லை. அவருடைய கண்ணிலோ தோலிலோ குறையில்லை. கவனம் அங்கே இருக்கவில்லை, அவ்வளவே.

இவ்வுண்மையை 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் வியத்தகு முறையிற் காட்டினர். சிலர் பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடும் ஒரு படத்தை மாணவருக்குக் காட்டி, வெண்ணிறச் சட்டை அணிந்தோர் எத்தனை முறை பந்தை எறிகின்றனர் என எண்ணச் சொன்னார்கள். படத்தின் நடுவே கொரில்லாக் குரங்கின் உடை தரித்த ஒருவர் நடந்து வந்து, மார்பிலே தட்டிவிட்டுச் செல்கிறார். பார்த்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனைக் காணவே இல்லை. கண்ணுக்கு எதிரே நிகழ்வதெல்லாம் மனத்துக்குத் தெரிந்துவிடும் என்று நாம் கொண்டுள்ள நம்பிக்கை தவறானது என்பது இதனாற் புலப்படும். கடுகண்ணாவை ஏற்றத்தின் வளைவுகளில் வாகனம் செலுத்துபவர் கைத்தொலைபேசியில் உரையாடினால் நேரும் ஆபத்தும் இதுவே. கருவியைக் கையில் ஏந்தாமற் பேசினாலும் அபாயம் நீங்குவதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. கை வெறுமையாயிருப்பினும் கவனம் வேறிடத்தில் அன்றோ இருக்கிறது!

கவனம் என்னும் வாயிலைக் கடந்த செய்தி அடுத்துச் சேருமிடம் மிகச் சிறியது. அதனைத் தொழிற்படு நினைவு என்பர். ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டு, எழுதிக்கொள்ளும்வரை வாய்க்குள் முணுமுணுக்கிறோமே, அந்த எண் அப்பொழுது தங்கியிருப்பது இவ்விடத்திலேயே. நடுவில் யாராவது “மணி என்ன?” என்று கேட்டுவிட்டால் எண் பறந்துவிடும். ஜோர்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1956ஆம் ஆண்டில், ஒருவர் ஒரே வேளையில் நினைவில் ஏந்தக்கூடியவை ஏறக்குறைய ஏழு என்று எழுதினார். பின்வந்த ஆய்வாளர் சிலர் நான்கு என்றே குறைத்துக் கூறுவர்.

ஆயினும் இச்சிறு இடத்தை நன்கு பயன்படுத்தும் வழியொன்று உண்டு. 181519481972 என்னும் பன்னிரண்டு இலக்கங்களை ஒருவருக்கு ஒருமுறை படித்துக் காட்டினால் அவர் திரும்பச் சொல்வது கடினம். இலங்கை வரலாறு தெரிந்த மாணவிக்கோ அது எளிது. 1815 கண்டி உடன்படிக்கை, 1948 சுதந்திரம், 1972 குடியரசு. பன்னிரண்டு பொருள்கள் மூன்றாகிவிட்டன. மனத்தின் இடம் பெருகவில்லை. முன்னரே பெற்ற அறிவு சிதறிக் கிடந்தவற்றைக் கட்டாகக் கட்டிக் கொடுத்தது. கற்றவருக்கு மேலும் கற்றல் எளிதாயிருப்பதற்கும், தொடக்கத்திற் பின்தங்கிய பிள்ளை மேலும் பின்தங்குவதற்கும் இஃதொரு காரணம். கூட்டல் வாய்பாடு தெரியாத பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, அப்பிள்ளையின் சிறிய இடம் முழுவதையும் கூட்டலே பிடித்துக்கொள்கிறது. பின்னம் நிற்க இடமேது?

இவ்விடத்தில் நேயர்கள் ஓர் ஐயம் எழுப்பலாம். நூறு காரியங்களை ஒருங்கே கவனித்து விடையிறுத்த சதாவதானிகள் நம்மிடையே இருந்தார்களே! யாழ்ப்பாணத்து மேலைப்புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளையும், நாகர்கோவிலைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலரும் அவ்வாறு புகழ்பெற்றவர்கள் அல்லரோ? பாவலர் 1907ஆம் ஆண்டிற் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் முன்னிலையிற் சதாவதானம் செய்து காட்டினார். அவர்களுக்கு இயற்கையிலேயே நம்மினும் பெரிய மனம் வாய்த்திருந்ததா?

இவ்வையத்தைத் தீர்க்க உதவும் அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. சென்னையிற் பிறந்த ராஜன் மகாதேவன் என்பவர், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய ‘பை’ என்னும் எண்ணின் 31,811 இலக்கங்களை 1981ஆம் ஆண்டில் மங்களூரில் நினைவிலிருந்து ஒப்புவித்தார். பின்னர் அவர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவரானார். அங்குள்ள அறிஞர்கள் அவருடைய நினைவையே ஆய்வுப் பொருளாக்கினர். மற்றவர்கள் ஏழெட்டு இலக்கங்களுடன் தடுமாறுமிடத்தில் அவர் நாற்பதுக்கு மேற்பட்டவற்றை ஏந்தினார். ஆனால் இலக்கங்களுக்குப் பதிலாகப் பழக்கமில்லாத குறியீடுகளைக் கொடுத்தபோது, அவரும் ஏனையோரைப் போல ஆறேழுடன் நின்றுவிட்டார். பொருள்கள் எங்கெங்கே வைக்கப்பட்டிருந்தன என நினைவுகூர்வதிலும் அவர் மேம்படவில்லை.

இயற்கையான நாட்டம் ஓரளவு அவருக்கு இருந்திருக்கலாம். அறிஞர்களிடையே அதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் ஒன்று தெளிவாயிற்று. ‘ஞாபக சக்தி’ என்பது பானையில் உள்ள நீரைப்போல ஒருவரிடம் நிறைந்தும் மற்றவரிடம் குறைந்தும் இருக்கும் ஒரே பொருள் அன்று. எத்துறையில் ஒருவர் பழகினாரோ, அத்துறையில் அவருக்கு நினைவு உண்டு. இலக்கங்களுடன் நெடுங்காலம் பழகியவருக்கு இலக்கம் நின்றது. தமிழ் யாப்பிலும் கணக்கிலும் ஊறிய அவதானிகளுக்குச் செய்யுளும் கணக்கும் நின்றன. கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கேயென்று நொடியிற் காண்கின்றன. அச்செடியின் முன் புதியவர் ஒருவர் நின்றால் அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரே பச்சை. பாடத்தை மறக்கும் பையன் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் ஓட்டங்களையும் பிழையறச் சொல்வதுண்டு. அவனுக்கு நினைவில்லை என்று எவ்வாறு கூறுவது?

அப்படியாயின், தொழிற்படு நினைவிலிருந்து நெடுங்கால நினைவுக்குச் செய்தி சென்று நிலைக்கச் செய்ய வேண்டியது யாது? எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறார் என அளந்தார். ஒரு மணி நேரத்துள் பாதிக்கு மேல் நழுவிற்று. ஒரு நாளின் பின் மூன்றில் ஒரு பங்களவும், ஒரு மாதத்தின் பின் ஐந்தில் ஒரு பங்களவுமே எஞ்சின. மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்கிறது. அதனால் மறதி விரைவாக நிகழும் அந்த முதல் நாட்களிலே ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று.

திரும்பிப் பார்ப்பதிலும் முறை உண்டு. பிரித்தானிய அஞ்சற் சேவையில் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பழக்கவேண்டி வந்தபோது, உளவியலறிஞர் அலன் படெலியின் ஆலோசனை நாடப்பட்டது. 1978இல் வெளியான அவ்வாய்வின்படி, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மாத்திரம் பழகியோரே மிகக் குறைந்த மொத்த நேரத்திற் கற்றனர். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பழகியோருக்குக் கூடுதலான மணிகள் தேவைப்பட்டன. சிறுசிறு அளவாக இடைவிட்டுக் கற்றலே சிக்கனமானது என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு முறை, நூலை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து மீட்டுப் பார்த்தல். அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் செய்த பரிசோதனை இதனை விளக்கும். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை இருமுறை படித்தனர். மறுபகுதியினர் ஒருமுறை படித்தபின், நூலைப் பாராது நினைவுக்கு வந்ததை எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே சற்று மேம்பட்டனர். ஒரு வாரத்தின் பின்னரோ, அவர்களுக்கு நூற்றுக்கு 42 பங்கு மாத்திரமே நினைவிலிருக்க, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 பங்கு நினைவிலிருந்தது. இரவிரவாக வாசித்த மாணவன் மறுநாள் ஒருவாறு தப்பிக்கொண்டதற்கும், இரு வாரத்தின் பின் விழித்ததற்கும் காரணம் இப்பொழுது விளங்கும். அவனிடம் குறையில்லை. வழியிற்றான் குறை. கண்ணுக்குப் பழகிப்போன பக்கத்தைத் தெரிந்துவிட்ட பாடமென்று அவன் மயங்கிவிட்டான்.

நொக்ஸின் வாழ்வை இவ்விளக்கோடு மீண்டும் நோக்குவோம். சிறைப்பட்ட காலத்தில் அவரிடம் இரண்டு ஆங்கிலச் சமய நூல்களே இருந்தன. அவற்றை ஏறக்குறைய மனனமாகும்வரை மீண்டும் மீண்டும் படித்ததாக அவரே எழுதுகிறார். பின்னர் ஒரு முதியவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று இருப்பதை அறிந்து, தாம் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து அதனைப் பெற்றார். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடனாகக் கொடுத்தும், ஊரூராகச் சென்று சிறு வாணிகம் செய்தும் பிழைத்தார். இன்றைய கண்டி மாவட்டத்து எலதெத்தவில் நிலம் வாங்கிக் குடியிருந்தார். நெல்லின் வகையை அவர் பரீட்சைக்காகப் படிக்கவில்லை. நெல் விளைந்தாலன்றிக் கொடுத்த கடன் திரும்பாது. வழிகளை அவர் வரைபடத்தில் மனனம் செய்யவில்லை. தப்பிச் செல்லும் நாளை எதிர்நோக்கி வாணிகன்போல் நடந்து நடந்து அறிந்தார். சிங்களச் சொல் ஒவ்வொன்றும் அவருக்கு நாள்தோறும் வேண்டியிருந்தது. பொருளோடு இணைந்து, இடைவிட்டு, எண்ணிறந்த முறை மீட்டெடுத்துப் பயன்படுத்திய அறிவு அது. இருபது ஆண்டுகள் நிலைத்ததில் வியப்பில்லை.

ஆயினும் நன்றாக நிலைத்த நினைவும் பிழைபடாதது என்று எண்ணிவிடலாகாது. நினைவு பெட்டியில் வைத்த புகைப்படத்தை எடுத்துப் பார்ப்பது போன்றதன்று. எஞ்சிய துண்டுகளைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது அது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பிரெட்ரிக் பார்ட்லெற் இதனை 1932ஆம் ஆண்டில் விளக்கினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயரிடம் கொடுத்து, காலம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர்கள் தமக்குப் பழக்கமில்லாதவற்றை விடுத்து, கதையைத் தம் நாட்டு வழக்குக்கு ஏற்ப மாற்றியே சொன்னார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை.

நீதிமன்றத்திற்கும் இது மிக வேண்டிய செய்தி. 1974ஆம் ஆண்டில் எலிசபெத் லொஃப்டஸ் என்னும் அம்மையார், வாகன விபத்துப் படமொன்றை மாணவருக்குக் காட்டினார். அவர்களுள் 50 பேரிடம் வாகனங்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகத்திற் சென்றன எனவும், வேறு 50 பேரிடம் ‘இடித்தபோது’ எனவும் சொல்லை மாற்றிக் கேட்டார். ஒரு வாரத்தின் பின், உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என வினாவியபோது, முதற் பிரிவினரில் 16 பேரும் மற்றப் பிரிவினரில் 7 பேரும் ‘கண்டோம்’ என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடி இருக்கவேயில்லை. கேள்வியில் இருந்த ஒரு சொல் நினைவையே திருத்திவிட்டது. பிள்ளையிடம் “அவன்தானே உன்னை அடித்தான்?” என்று கேட்பதை விடுத்து, “என்ன நடந்தது?” என்று கேட்பதே முறை என்பது இதனால் விளங்கும். காணிச் சண்டையிலும் குடும்பப் பிணக்கிலும் இருவர் இருவேறு விதமாக நினைவுகூரும்போது, ஒருவர் பொய்யரென்று உடனே முடிவு செய்தல் நீதியாகாது. இருவரும் உண்மையென்று நம்பியே பேசக்கூடும்.

இறுதியாக எண்ணவேண்டியது ஒன்று உண்டு. மனத்தின் இடம் சிறியது என்றோம். அவ்விடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால் யாது நிகழும்? தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் இதனை ஆராய்ந்தனர் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய அறிஞர்கள். ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கரும்புக்கு அறுவடையின் பின்னரே பணம் கிடைக்கும். அறுவடைக்கு முந்திய மாதங்களிற் கடனும் அடகும் மிகும். அதே விவசாயி, சிந்தனைத் திறனையும் கவனத்தையும் அளக்கும் சோதனைகளில், அறுவடைக்கு முன்னர் குறைவாகவும் பின்னர் மேலாகவும் செய்தார். ஆள் ஒருவரே. அறிவும் ஒன்றே. கையிற் பணமின்மை பற்றிய கவலை மனத்தின் இடத்தைப் பிடித்திருந்ததே வேறுபாடு என்பது அவ்வறிஞர்களின் முடிவு. வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் யாவும் இதனை ஒரேவகையாக உறுதிப்படுத்தவில்லை என்பதும் கூறப்படவேண்டும். எனினும் ஆசிரியரும் பெற்றோரும் சிந்திக்கத்தக்க செய்தி இது.

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, லயத்து அறையொன்றிலிருந்து பனியிற் புறப்பட்டுப் பாடசாலைக்கு நடந்து வரும் சிறுமி ஒருத்தியை எண்ணுவோம். காலையுணவு அரைகுறை. தாய் மலைக்குப் போய்விட்டாள். தம்பிக்குக் காய்ச்சல். வகுப்பில் அவள் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான கணக்கின் முன் அமர்ந்திருக்கிறாள். அவள் கையிற் பேனை இருக்கிறது; மனமோ தம்பியிடம் இருக்கிறது. விடை பிழைத்துவிடுகிறது. அவளை ‘மந்தம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஏற்கெனவே நிறைந்துள்ள அவ்விடத்தில் இன்னுமொரு சுமையை ஏற்றியவராவோம். “எனக்கு வராது” என்னும் அச்சமே பின்னர் ஒவ்வொரு கணக்கின்போதும் அவள் கவனத்தைத் தின்னும். அச்சொல்லைக் கூறியவர் மறந்துவிடுவார். கேட்டவள் மறப்பதில்லை. ஏனெனில் அதனை அவள் நாள்தோறும் நினைவிலிருந்து மீட்டெடுக்கிறாள்.

மனத்தின் இயல்பை அறிந்தவர் அவளுக்குச் செய்யக்கூடியவை பல. அவற்றுக்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. ஒரே வேளையில் மூன்று படிகளைச் சொல்லாது ஒன்றைச் சொல்லி, அது நின்றபின் அடுத்ததற்குச் செல்லலாம். வாய்பாட்டை அவள் எண்ணாமலே சொல்லுமளவுக்குப் பழக்கிவிட்டால், மனத்தின் இடம் கணக்குக்கு விடுபடும். நேற்றைய பாடத்தை இன்று நூலைத் திறவாமற் சொல்லவைத்து, மறுவாரம் மீண்டும் ஒருமுறை கேட்கலாம். புதியதை அவள் அறிந்ததோடு இணைக்கலாம். கொழுந்தின் நிறையும் கூடையும் பேர்ச் சம்பளமும் அவளுக்கு நன்கு தெரிந்தவை. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அவற்றைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? வீட்டிலே தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அரைமணி நேரம் நிறுத்திவைத்தால், அவள் கவனத்துக்கு அந்த அளவேனும் அமைதி கிட்டும். இரவிற் கண்விழிக்க வைப்பதை விடுத்து உறங்க விடலாம். பகலிற் கற்றது நிலைபெற உறக்கமும் வேண்டும்.

இவை முதியோருக்கும் பொருந்தும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடும் தாத்தா, அதனை வைத்த கணத்தில் வேறெதையோ எண்ணியிருந்தார். எனவே அது அவர் நினைவிற் புகவேயில்லை. நாள்தோறும் ஒரே இடத்தில் வைக்கப் பழகினால் தேடுதல் ஒழியும். கடையில் வாங்கவேண்டியவற்றை எழுதிச் செல்வது வெட்கத்துக்குரியதன்று. சிறிய இடத்தை அறிந்து அதன் சுமையைக் குறைக்கும் புத்திசாலித்தனம் அது. ஆனால் நேற்றுவரை தெரிந்த வழியும் உறவினர் பெயரும் மறந்துபோகுமாயின் அதனை வெறும் மறதியென்று விடாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

அறிகை உளவியல் மனிதரை மேதைகளாக்கும் மந்திரம் அன்று. மனம் எங்கே குறுகியது, எங்கே விரிவது, எங்கே ஏமாறுவது என்பதைக் காட்டும் ஒரு விளக்கு அது. மலைநாட்டிற் சிறைப்பட்டிருந்த இளைஞன் இருபது ஆண்டுகளின் நினைவைச் சுமந்து சென்றது வாழ்வு அவனுக்குக் கற்பித்த முறையினால். அம்முறை எந்தப் பிள்ளைக்கும் எட்டாததன்று. ஆதலால் ஒரு பிள்ளை மறந்துவிட்டதென்று சினக்கும் முன்னர், அதற்கு நாம் எவ்வாறு கற்பித்தோம், எத்தனை முறை நினைவுகூரச் சந்தர்ப்பம் அளித்தோம், அதன் மனத்தில் வேறென்ன சுமை இருந்தது என்று மூன்று வினாக்களை நம்மிடமே கேட்டுக்கொள்வது நன்று.